கொகைன் பொட்டலத்தில் கலந்த மரணம்

அமெரிக்காவில் ஓராண்டுக்குள் ஒரு முறையேனும் கொகைன் பயன்படுத்தியவர்கள் 2015-இல் ஏறத்தாழ 48 லட்சம் பேர், 2023-இல் ஏறத்தாழ 50 லட்சம் பேர் என்று அந்நாட்டு அரசு ஆண்டுதோறும் நடத்தும் போதைப்பொருள் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு தெரிவிக்கிறது. அதே எட்டு ஆண்டுகளில் கொகைன் தொடர்புடைய இறப்புகள் 6,784-இலிருந்து 29,000-க்கும் மேலாக, அதாவது நான்கு மடங்குக்கும் அதிகமாக உயர்ந்தன. பயன்படுத்துவோர் தொகை ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்க, சாவு மட்டும் ஏன் இப்படிப் பெருகியது என்பதை அறிய விரும்புவோருக்குக் கொகைனின் குணத்தைத் தெரிந்துகொள்வது மட்டும் போதாது. பொட்டலத்தில் அதனுடன் வேறு என்ன கலந்திருக்கிறது, வாங்குபவரின் வயது என்ன, அவரது இதயம் எந்த நிலையில் இருக்கிறது, அவர் மயங்கி விழும்போது அருகில் யாரேனும் இருக்கிறார்களா என்பனவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்த இரு எண்களும் வெவ்வேறு வழிகளில் கிடைப்பவை என்பதால் அவற்றின் வரம்புகளையும் சொல்லிவிடுவது நல்லது. பயன்பாட்டுக் கணக்கெடுப்பு குடும்பங்களில் வாழ்வோரைக் கேட்டு எடுக்கப்படுவது. சிறையில் இருப்போரும், தங்குமிடம் ஏதுமின்றித் தெருவில் வாழ்வோரும் அதில் வருவதில்லை, எனவே மிகக் கடுமையாக அடிமைப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் விடுபட்டுப் போகிறார்கள். மேலும், 2020-க்குப் பின் கணக்கெடுக்கும் முறை மாறிவிட்டதால் முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிடுவதில் சற்று எச்சரிக்கை தேவை. இறப்புக் கணக்கு வேறு வகையானது. ஒருவர் திடீரென்றோ ஐயத்துக்கிடமான முறையிலோ இறந்தால், அந்த வட்டாரத்தின் இறப்பு விசாரணை அதிகாரி உடற்கூறாய்வுக்கு ஏற்பாடு செய்து, இரத்தத்தையும் பிற மாதிரிகளையும் நச்சுப்பொருள் ஆய்வகத்துக்கு அனுப்புகிறார். முடிவு வந்தபின் சாவுக்குக் காரணமான பொருள்களின் பெயர்களை இறப்புச் சான்றிதழில் எழுதுகிறார். அந்தப் பெயர்கள் உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின்படி குறியீடுகளாக மாற்றப்பட்டுத் தேசியப் புள்ளிவிவரத்தில் சேர்கின்றன. கொகைனுக்கு டி40.5 என்றும், ஃபென்டனில் முதலிய செயற்கை ஓபியாய்டுகளுக்கு டி40.4 என்றும் குறியீடு உண்டு. ஓபியாய்டு என்பது அபினிலிருந்து எடுக்கப்படும் மார்ஃபின், அதிலிருந்து தயாராகும் ஹெராயின், அவற்றைப் போலவே செயல்படும்படி ஆய்வகத்தில் உருவாக்கப்பட்ட மருந்துகள் ஆகிய அனைத்துக்குமான பொதுப்பெயர். ஒரே சான்றிதழில் இரண்டு குறியீடுகளும் இருந்தால் அந்த ஒரே மரணம் இரண்டு பட்டியல்களிலும் எண்ணப்படும். ஆகவே ‘கொகைன் தொடர்புடைய இறப்பு’ என்பது கொகைன் மட்டுமே கொன்ற இறப்பு ஆகாது. மறுபுறம், கொகைன் தூண்டிய மாரடைப்பால் ஒருவர் இறந்து, சான்றிதழில் இதய நோய் என்று மட்டும் எழுதப்பட்டால், அந்த மரணம் இந்தப் பட்டியலுக்குள் வராமலே போய்விடும்.

கொகைன் அமெரிக்காவுக்குப் புதியதன்று. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச்சரிவுகளில் விளையும் கோகா இலையிலிருந்து ஜெர்மானிய வேதியியலாளர் ஆல்பர்ட் நீமன் 1860-ஐ ஒட்டி இதைப் பிரித்தெடுத்தார். 1884-இல் கார்ல் கோலர் இதைக் கண் அறுவைச் சிகிச்சையில் மரத்துப்போகச் செய்யும் மருந்தாகப் பயன்படுத்திக் காட்டினார். அடுத்த முப்பது ஆண்டுகளில் தீங்குகள் வெளிப்பட, 1914-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஹாரிசன் சட்டத்தின் மூலம் இதைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. இன்றைய நிலைக்கு நேரடித் தொடர்புடையது 1980-களின் வரலாறே. மாதம் ஒரு முறையேனும் கொகைன் பயன்படுத்தியவர்கள் 1985-இல் 57 லட்சம் பேர் எனக் கணக்கிடப்பட்டது. அதே காலத்தில், கொகைன் தூளைச் சமையல் சோடாவுடன் நீரில் சூடாக்கி, சிறு கட்டிகளாக்கி, புகைத்து உள்ளிழுக்கும் ‘கிராக்’ என்ற வடிவம் நகர்ப்புறங்களில் பரவியது. சில டாலர்களுக்கு ஒரு கட்டி கிடைத்ததால், அதுவரை வசதி படைத்தோரின் கேளிக்கைப் பொருளாகக் கருதப்பட்ட கொகைன் ஏழைக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது.

1986 ஜூனில், பாஸ்டன் செல்டிக்ஸ் கூடைப்பந்து அணிக்குத் தேர்வான இரண்டே நாளில் லென் பயஸ் என்ற 22 வயது வீரர் கொகைனால் இறந்தது நாட்டையே உலுக்கியது. அந்த ஆண்டே அவசரமாக நிறைவேற்றப்பட்ட போதைப்பொருள் ஒழிப்புச் சட்டம், 500 கிராம் கொகைன் தூளுக்கு விதித்த குறைந்தபட்ச ஐந்தாண்டுச் சிறையை 5 கிராம் கிராக்குக்கும் விதித்தது. வேதியியலின்படி இரண்டும் ஒரே பொருள். தண்டனையில் ஒன்றுக்கு நூறு என்ற வேறுபாடு. தூளைப் பெரும்பாலும் வெள்ளையரும் கிராக்கைக் கறுப்பின மக்களின் குடியிருப்புகளில் வாழ்வோரும் பயன்படுத்திய சூழலில், கூட்டாட்சி நீதிமன்றங்களில் கிராக் வழக்கில் தண்டனை பெற்றவர்களில் பல ஆண்டுகள் ஏறக்குறைய பத்தில் எட்டுப் பேர் கறுப்பினத்தவராக இருந்தனர். 2010-இல் இந்த விகிதம் பதினெட்டாகக் குறைக்கப்பட்டதே தவிர இன்றுவரை சமமாக்கப்படவில்லை. நோயாளியை நோயாளியாக நடத்தாத இந்தச் சட்டம் ஒரு தலைமுறையைச் சிறைக்கு அனுப்பியதன் விளைவு, இன்றைய மரணப் பட்டியலில் எவருடைய வயதும் நிறமும் மிகுதியாகத் தென்படுகின்றன என்பதைப் பார்க்கும்போது தெரியவரும்.

1990-களின் நடுவில் மாதப் பயன்பாட்டாளர் தொகை 15 லட்சம் அளவுக்கு இறங்கியது. ஆனால் இறப்புகள் பயன்பாட்டோடு ஒட்டி நகரவில்லை; 1999-இல் 3,822 ஆக இருந்தவை 2006-இல் 7,448-ஐத் தொட்டு, 2010-இல் 4,183-க்கு இறங்கின. கொலம்பியாவில் கோகா வயல்கள் அழிக்கப்பட்டதும், கடத்தல் சரக்கில் பெரும்பங்கு ஐரோப்பாவின் பக்கம் திரும்பியதும், அமெரிக்கத் தெருக்களில் கிடைத்த கொகைனின் விலை ஏறி வீரியம் குறைந்ததும் இந்த இறக்கத்துக்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. அந்த நிலை நீடிக்கவில்லை. 2013-இல் 48,000 ஹெக்டேராக இருந்த கொலம்பியாவின் கோகா பரப்பு, 2023-இல் 2,53,000 ஹெக்டேராகப் பரந்தது; வானிலிருந்து களைக்கொல்லி தெளிப்பதை அரசு 2015-இல் நிறுத்தியதும், 2016-இல் ஃபார்க் கிளர்ச்சிப் படையுடன் உடன்பாடு ஏற்பட்டபின் அப்படை விட்டுச்சென்ற பகுதிகளைச் சிறு ஆயுதக் கும்பல்கள் பங்கிட்டுக்கொண்டதும் இதில் சேர்ந்தன. உலக அளவிலான உற்பத்தி 2023-இல் 3,708 டன் என ஐக்கிய நாடுகள் சபையின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் மதிப்பிடுகிறது. சரக்கு பெருகப் பெருகப் புதிய கடல்வழிகள் தேடப்படுகின்றன. 2021 ஏப்ரலில் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு மரத்தடிகளுடன் வந்த கொள்கலனில் 300 கிலோவுக்கும் மேற்பட்ட கொகைன் பிடிபட்டது இந்தத் தேடலின் ஒரு கிளையே.

எனினும், உற்பத்திப் பெருக்கம் மட்டும் சாவை இவ்வளவு உயர்த்தியிருக்க முடியாது. 2013 வாக்கில் அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில் தொடங்கி, சட்டவிரோதமாகத் தயாரிக்கப்பட்ட ஃபென்டனில் போதைச் சந்தைக்குள் புகுந்ததே திருப்புமுனை. மார்ஃபினைப் போல் நூறு மடங்கும் ஹெராயினைப் போல் ஐம்பது மடங்கும் வீரியமுள்ள இந்த வலி நிவாரணி, மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சையின்போது மைக்ரோகிராம் கணக்கில் செலுத்தப்படுவது. பழக்கமில்லாத உடலுக்கு இரண்டு மில்லிகிராம் அளவே உயிரைப் பறிக்கக்கூடும். இது கொகைனோடு சேரும் வழி ஒன்றல்ல. ஊக்கம் தரும் கொகைனையும் அமைதி தரும் ஹெராயினையும் தெரிந்தே சேர்த்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் நெடுநாளாக இருந்துவந்தது. 1982-இல் நகைச்சுவை நடிகர் ஜான் பெலூஷி அவ்வாறே இறந்தார். ஹெராயினின் இடத்தை ஃபென்டனில் பிடித்தபின் அதே பழக்கம் பல மடங்கு ஆபத்தாயிற்று. இன்னொரு வழி, ஒரே மேசையில், ஒரே தராசில், ஒரே கரண்டியால் இரண்டு தூள்களையும் பொட்டலமிடும் சில்லறை வியாபாரியின் கவனக்குறைவு. கொகைன் மட்டுமே வாங்குவதாக நம்பும் ஒருவருக்கு ஓபியாய்டு பழக்கமே இருக்காது என்பதால், ஹெராயினுக்கு அடிமையானவர் தாங்கக்கூடிய அளவைக்கூட அவரது உடல் தாங்காது. அவர் எதிர்பார்ப்பது நாடித்துடிப்பு ஏறுவதை. நேர்வது மூச்சு மெல்லக் குறைந்து, உதடும் நகமும் நீலம் பாரித்து, விழிப்பாவை புள்ளியாகச் சுருங்கி, சில நிமிடங்களில் மூச்சே நின்றுவிடுவது.

இந்தக் கலப்பின் அளவை எண்களே காட்டுகின்றன. 2021-இல் நிகழ்ந்த 24,486 கொகைன் தொடர்புடைய இறப்புகளில் ஏறத்தாழ 79 விழுக்காட்டில் ஏதேனும் ஓர் ஓபியாய்டும் இருந்தது. ஆயினும் இந்த எண்ணை வைத்துக்கொண்டு, பழி முழுவதும் ஃபென்டனிலுக்கே உரியது, தூய்மையான கொகைன் பாதுகாப்பானது என்று முடிவு கட்டுவோர் பெரும் தவறு செய்கிறார்கள். எஞ்சிய 21 விழுக்காடு என்பது 5,000 உயிர்களுக்கு மேல். பத்தாண்டுகளுக்கு முன், 2011-இல், ஓபியாய்டு கலந்தவை, கலவாதவை என எல்லாம் சேர்த்தே கொகைன் தொடர்புடைய இறப்புகள் 4,681 தான்.

ஓபியாய்டு சிறிதும் கலவாத கொகைன் உடலுக்குள் செய்வது என்ன? நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது டோபமைன், நார்அட்ரினலின் முதலிய வேதிப்பொருள்களின் மூலம். செய்தி சென்று சேர்ந்ததும் அவை மீண்டும் பழைய அணுவுக்குள் உறிஞ்சப்பட வேண்டும். இந்த மறு உறிஞ்சலைக் கொகைன் தடுத்துவிடுகிறது. மூளையில் டோபமைன் தேங்குவதால் பெருமகிழ்ச்சி தோன்றுகிறது. உடலெங்கும் நார்அட்ரினலின் தேங்குவதால் நாடி விரைந்து, இரத்த அழுத்தம் ஏறி, இதயம் மிகுதியான பிராணவாயுவைக் கேட்கிறது. அதே நேரத்தில் இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்கள் சுருங்குகின்றன. இரத்தம் உறைந்து கட்டியாகும் தன்மையும் கூடுகிறது. தேவை ஏறும் அதே நிமிடத்தில் வரத்து குறைவதால், நெஞ்சுவலியின் முன்வரலாறே இல்லாத இளைஞருக்கும் மாரடைப்பு வரக்கூடும். கொகைன் பயன்படுத்திய முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பின் ஆபத்து வழக்கத்தைவிட ஏறத்தாழ 24 மடங்கு உயர்வதாக 1999-இல் வெளியான அமெரிக்க ஆய்வு கண்டறிந்தது. இதுவும் போதாதென்று, இதயத் தசையின் மின்னோட்டத்தை நடத்தும் சோடியம் வழித்தடங்களையும் கொகைன் அடைக்கிறது. பல்லைப் பிடுங்கும்போது ஈறு மரத்துப்போகப் போடும் ஊசிமருந்து வேலை செய்வதும் இதே முறையில்தான் என்றாலும், இதயத்தில் அது நிகழும்போது துடிப்பின் ஒழுங்கு குலைந்து உயிர் போகலாம். மூளையில் இரத்தக்கசிவு, வலிப்பு, உடல் வெப்பம் கட்டுமீறி ஏறுதல் ஆகியவையும் நேர்வதுண்டு.

மதுவுடன் சேரும்போது நிலை இன்னும் மோசமாகிறது. கொகைனும் மதுவும் இரத்தத்தில் ஒன்றாக இருந்தால், கல்லீரல் அவற்றை இணைத்துக் கோகாஎத்திலீன் என்ற மூன்றாவது பொருளை உண்டாக்குகிறது. அது கொகைனைவிட நீண்ட நேரம் உடலில் தங்கி, இதயத்துக்குக் கூடுதல் நஞ்சாகிறது. மூக்கால் உறிஞ்சிய கொகைனின் கிளர்ச்சி அரைமணிக்குள்ளும் புகைத்ததன் கிளர்ச்சி பத்து நிமிடத்துக்குள்ளும் அடங்கிவிடுவதால், ஒரே இரவில் மீண்டும் மீண்டும் எடுத்துக்கொள்ளும் உந்துதல் எழுகிறது. இப்படி ஆண்டுக்கணக்கில் அடிவாங்கும் இதயம் தடித்து, இரத்தக் குழாய்கள் இறுகி, ஒருநாள் வழக்கமான அளவுக்கே நின்றுவிடுகிறது. வியாபாரிகள் எடை கூட்டச் சேர்க்கும் பொருள்களும் தனித்தீங்கு செய்பவை. கால்நடைகளுக்குக் குடற்புழு நீக்கத் தரும் லெவமிசோல் என்ற மருந்து, 2009-இல் அமெரிக்க அதிகாரிகள் சோதித்த கொகைன் சரக்குகளில் 69 விழுக்காட்டில் இருந்தது. அது வெள்ளணுக்களை அழித்து, சாதாரணத் தொற்றைக்கூட எதிர்க்க இயலாதபடி உடலை ஆக்கிவிடும்.

கொகைன் தன் வலிமையாலேயே கொல்லும் என்பதற்கு இங்கிலாந்தும் வேல்ஸும் சான்று. அமெரிக்காவைப் போல் ஃபென்டனில் அங்கே பரவவில்லை. இருந்தும் 2011-இல் 112 ஆகப் பதிவான கொகைன் தொடர்புடைய இறப்புகள் 2023-இல் 1,118 ஆகப் பத்து மடங்காயின. மலிவும் வீரியமும் கொண்ட சரக்கு ஆன்ட்வெர்ப் முதலிய துறைமுகங்கள் வழியே ஐரோப்பாவுக்குள் வெள்ளமாக வந்ததும், அதைப் பயன்படுத்துவோரிடையே நடுவயதினர் பெருகியதும் இதன் பின்னணி.

அமெரிக்காவில் இறப்போர் யார் என்று பார்த்தால் மனம் கனக்கிறது. கொகைன் தொடர்புடைய இறப்பு விகிதம் கறுப்பின மக்களிடையேதான் நெடுங்காலமாக மிகுந்திருக்கிறது. 2017-இல் ஒரு லட்சம் கறுப்பினத்தவருக்கு 8.3 ஆகவும் வெள்ளையருக்கு 4.6 ஆகவும் அது பதிவானது. எல்லாப் போதைப்பொருள்களையும் சேர்த்துப் பார்த்தால், 65 வயதைக் கடந்த கறுப்பின ஆண்களின் இறப்பு விகிதம் 2020-இல் அதே வயது வெள்ளை ஆண்களின் விகிதத்தைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்கு. இவர்கள் கிராக் பரவிய காலத்தில் இளைஞர்களாக இருந்தவர்கள். அந்தப் பொருளோடும் அதற்கான தண்டனையோடும் வளர்ந்து, சிறைப்பதிவு காரணமாக வேலையும் வீடும் கிடைக்காமல், நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் சேர்ந்த உடலோடு, பெரும்பாலும் தனியாக வாழ்பவர்கள். முப்பது ஆண்டுகளாகத் தெரிந்த ஒரு பொருளை, தெரிந்த அளவில் வாங்கும் அவர்களுக்கு, பொட்டலத்தின் உட்பொருள் மாறிவிட்டதை யாரும் சொல்லவில்லை. எச்சரிக்கைப் பிரசாரங்களின் சுவரொட்டிகள் இளைஞர்களை நோக்கியே பேசின. வலி மாத்திரையில் தொடங்கி ஹெராயினில் முடிந்த வெள்ளை இளைஞரின் உருவமே நாட்டின் பொதுக் கற்பனையில் நிலைத்திருந்தது. இந்த முதியவர்களைக் கணக்கில் எடுக்கத் தவறியது பெரும் அநீதி.

காப்பாற்றும் கருவிகள் இல்லாமல் இல்லை. 1971-இலேயே ஒப்புதல் பெற்ற நலாக்சோன் என்ற மருந்து, மூளையில் ஓபியாய்டு ஒட்டிக்கொள்ளும் இடங்களிலிருந்து அதை விலக்கி, நின்றுபோன மூச்சை ஓரிரு நிமிடங்களில் மீட்டுத் தருகிறது. மூக்கில் பீய்ச்சும் வடிவில் மருத்துவர் சீட்டு இல்லாமலே இதை விற்க 2023 மார்ச்சில் அனுமதி தரப்பட்டது. கொகைனின் விளைவை நலாக்சோன் மாற்றாது. ஆனால் கொகைன் எடுத்து மயங்கியவரின் பொட்டலத்தில் ஃபென்டனில் இருந்திருக்கக்கூடும் என்பதால், கொடுத்துப் பார்ப்பதில் கெடுதல் இல்லை, கொடுக்காமல் விடுவதில் உயிர் போகலாம். மற்றொன்று, ஃபென்டனிலைக் கண்டறியும் சோதனைப் பட்டை. தூளில் சிறிதளவை நீரில் கரைத்து, பட்டையின் நுனியைச் சில நொடிகள் அதில் அமிழ்த்தி, தட்டையான இடத்தில் வைத்துக் காத்திருக்க வேண்டும். ஒரு கோடு தோன்றினால் ஃபென்டனில் இருக்கிறது, இரண்டு கோடுகள் தோன்றினால் இல்லை. எவ்வளவு இருக்கிறது என்பதை அது சொல்லாது; தூளின் ஒரு மூலையில் இல்லாதது மறுமூலையில் இருக்கவும் கூடும். சில காசுகளுக்கும் ஒரு டாலருக்கும் இடைப்பட்ட விலையுள்ள இந்தப் பட்டையைப் போதைக்கருவி என்று வகைப்படுத்திப் பல மாநிலங்கள் நெடுநாள் தடைசெய்திருந்தன. கூட்டாட்சி அரசின் நிதியைக் கொண்டு இதை வாங்கலாம் என்ற அனுமதி 2021-இல்தான் வந்தது.

2024-இல் நிலைமை திரும்பியது. செயற்கை ஓபியாய்டு தொடர்புடைய இறப்புகள் முந்தைய ஆண்டின் ஏறத்தாழ 73,000-இலிருந்து 48,000 அளவுக்கு இறங்கின. கொகைன் தொடர்புடையவையும் 22,000 அளவுக்கு, அதாவது நான்கில் ஒரு பங்கு குறைந்தன. அதற்கு முந்தைய ஆண்டில்தான் உலகக் கொகைன் உற்பத்தி அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டிருந்தது. சரக்கு குவிந்திருந்தும் சாவு குறைந்தது என்பது, கொகைன் இறப்பின் வளைகோட்டைத் தன்னோடு இழுத்துச் செல்வது ஃபென்டனிலே என்ற கருத்தை வலுப்படுத்துகிறது. நலாக்சோன் பரவலாகக் கிடைத்தது, ஃபென்டனில் சரக்கின் வீரியம் குறைந்தது, மிகுந்த ஆபத்தில் இருந்தோர் பலர் ஏற்கெனவே இறந்துவிட்டது எனப் பல விளக்கங்கள் முன்வைக்கப்படுகின்றன. இவற்றில் கடைசியானது உண்மையாக இருக்குமானால், இந்த இறக்கத்தைக் கொண்டாடுவதற்கு யாருக்கும் மனம் வராது.

ஃபென்டனில் ஒருநாள் சந்தையிலிருந்து மறைந்தாலும் கொகைனுக்கு அடிமையானவர்கள் அடிமையாகவே இருப்பார்கள் என்பதால், சிகிச்சையின் கேள்வி எஞ்சுகிறது. ஓபியாய்டு பழக்கத்துக்கு மெத்தடோன், பூப்ரெனார்ஃபின் என்ற மாற்று மருந்துகள் உண்டு; கொகைன் பழக்கத்துக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்த மருந்து ஒன்றுகூட இல்லை. ஆய்வுகளில் தொடர்ந்து பலன் காட்டிவந்திருப்பது ஊக்கப்பரிசு முறை எனலாம். நோயாளி குறித்த நாள்களில் வந்து சிறுநீர் மாதிரி தருகிறார். அதில் கொகைன் இல்லையென்றால் அங்கேயே சிறு தொகைக்கான பரிசு அட்டை கிடைக்கிறது. தொடர்ந்து விலகியிருக்க இருக்கப் பரிசு வளர்கிறது. இடையே தவறினால் தொடக்கத் தொகைக்குத் திரும்புகிறது. கொகைன் உடனடி இன்பத்தால் மூளையைப் பிடித்துவைத்திருக்கிறது என்பதால், விலகலுக்கும் உடனடிப் பலன் தந்து அந்தப் பிடியைத் தளர்த்துவதே இதன் நோக்கம். முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனைகள் 2011 முதல் இதைக் கடைப்பிடிக்கின்றன. கலிஃபோர்னியா 2023-இல் ஏழைகளுக்கான தன் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு ஒருவருக்கு 599 டாலர் வரை எனத் தொடங்கியது. மற்ற இடங்களில் இது பரவாததற்கு, போதைக்கு அடிமையானவருக்குக் காசு கொடுப்பதா என்ற முகச்சுளிப்பும், நோயாளிக்குப் பரிசளிப்பது கையூட்டுத் தடைச் சட்டத்தை மீறுவதாகுமோ என்ற அச்சமும் காரணங்கள். கூட்டாட்சி மானியத்திலிருந்து ஒரு நோயாளிக்கு இதற்காக ஆண்டொன்றுக்குச் செலவிடத்தக்க தொகை நெடுங்காலம் 75 டாலராகவே வரம்பிடப்பட்டிருந்தது. பலன் தரத்தக்க அளவுக்கு அது எவ்விதத்திலும் போதாது என்று ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் சுட்டிக்காட்டிய பின், 2025 ஜனவரியில் அந்த வரம்பு 750 டாலராக உயர்த்தப்பட்டது.